அடி விழுந்த நேரம்

நோய்களின் வரலாற்றை அவற்றின் பெயர்களிலிருந்து வாசிக்கத் தொடங்குவது இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இயல்பாகவே கைவருகிற வழி. மருத்துவ நூல்களின் கலைச்சொற்களுக்கு நடுவே திணறுகிற நாம், ஒரு சொல்லின் வேரைப் பிடித்துக்கொண்டால் ஓரளவு தொலைவு போய்விட முடிகிறது. கிரேக்கர்கள் இந்நோயை ‘அபோப்ளெக்ஸியா’ என்றனர். அடித்து வீழ்த்தப்படுதல் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தின் ‘ஸ்ட்ரோக்’ என்பதும் அடிதான். கடவுளின் கையால் விழுந்த அடி என்ற பழைய வழக்கின் எச்சம் அது. தமிழில் நாம் பக்கவாதம் என்கிறோம்; ஈழத்தில் பாரிசவாதம் என்கிறார்கள்; தமிழ் விவிலியத்தில் கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கப்படுகிறவன் திமிர்வாதக்காரன். மூன்று சொற்களிலும் உடலுக்குள் பிசகிப்போன காற்றான வாதமே நிற்கிறது. யூகி முனிவரின் பெயரால் வழங்கும் சித்த மருத்துவ நூல் வாத நோய்களை எண்பதாக வகுக்கிறது. பேச்சுவழக்கில் ‘வாதம் அடித்துவிட்டது’ என்று சொல்லும்போது மட்டும் கிரேக்கரின் அந்த அடி நம்மிடமும் வந்து சேர்ந்துவிடுகிறது.

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்கவேண்டும். கிரேக்கச் சொல் ஒரு கணத்தைச் சொல்கிறது. நமது சொல்லோ அந்தக் கணத்துக்குப் பின் எஞ்சுகிற நிலையை, ஒரு பக்கம் விழுந்துபோன உடலை, திண்ணையிலும் கட்டிலிலும் வருடக்கணக்கில் கிடக்கிற மனிதரைச் சொல்கிறது. ‘மாரடைப்பு’ என்ற சொல்லோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே எதுவோ இப்போது அடைபட்டிருக்கிறது; கேட்டவுடன் ஊரே வண்டி பிடிக்க ஓடுகிறது. பக்கவாதம் என்றால் எவரும் ஓடுவதில்லை. நடந்து முடிந்துவிட்ட ஒன்றின் பெயராகவே அது காதில் விழுகிறது. இருபத்துநான்கு நூற்றாண்டுகளாக உலக மருத்துவமும் அப்படித்தான் எண்ணியிருந்தது என்பதே இங்கு நாம் சொல்ல வருவதன் சுருக்கம்.

*

1783 ஜூன் 17. லண்டன். அகராதி செய்த சாமுவேல் ஜான்சனுக்கு அப்போது வயது 73. முந்தைய நாள் தன் உருவப்படத்துக்காக ஓவியர் முன் அமர்ந்திருந்துவிட்டு, கணிசமான தூரம் நடந்தும் வந்திருந்தார். அதிகாலை மூன்று மணியளவில் விழிப்பு வந்தது. தலைக்குள் ஒரு குழப்பம் அரை நிமிடம் நீடித்தது. உடலை என்ன செய்தாலும் அறிவை மட்டும் விட்டுவைக்கும்படி கடவுளிடம் வேண்டினார். தன் அறிவைச் சோதித்துக்கொள்ள விரும்பி அந்தப் பிரார்த்தனையை இலத்தீன் செய்யுளாக யாத்தார். செய்யுள் அவ்வளவு நன்றாக அமையவில்லை. நன்றாக அமையவில்லை என்று தனக்குத் தெரிகிறது என்பதிலிருந்தே மூளை கெடவில்லை என்ற முடிவுக்கு வந்தார். அதற்குப் பிறகுதான் தனக்கு வாய்ப்பேச்சு போயிருப்பதை உணர்ந்தார். வலி சிறிதும் இல்லை. நாவை உசுப்பிவிடக்கூடும் என்று கொஞ்சம் ஒயின் அருந்திப் பார்த்தார். பயனில்லை என்று கண்டதும் படுத்து உறங்கிவிட்டார்.

காலையில் பணியாள் பேசிக்கொண்டே உள்ளே வந்தார். ஜான்சன் ஒரு சீட்டை எழுதி நீட்டினார். வாயால் சொல்லாமல் எதற்காக இதை வாசிக்கச் சொல்கிறார் என்று அந்த மனிதருக்கு விளங்கவேயில்லை. அடுத்து அண்டைவீட்டு அச்சகத்தார் எட்மண்ட் ஆலனுக்கு எழுதும்போது கை தானாகத் தவறான எழுத்துகளைப் போட்டது. இவையெல்லாவற்றையும் இரண்டு நாள் கழித்து திருமதி த்ரேலுக்கு எழுதிய கடிதத்தில் ஜான்சனே விவரித்திருக்கிறார். நோயாளி தன் நோயின் தொடக்கத்தைத் தானே உள்ளிருந்து பதிவுசெய்த ஆவணங்களில் இதற்கு இணையாக வேறொன்றை நாம் வாசித்ததில்லை.

இதில் நம்மை நிறுத்திவைக்கிற செய்தி அவர் மறுபடி உறங்கிவிட்டார் என்பதுதான். அக்காலத்தில் அது அறிவீனம் அல்ல. விழித்திருந்து என்ன செய்திருக்க முடியும்? அன்றைய லண்டனின் தலைசிறந்த மருத்துவர்களான ஹெபர்டனும் பிராக்லெஸ்பியும் காலையில் வந்து, ஒருவகை வண்டின் பொடியைக் கொண்டு அவர் தொண்டையில் கொப்புளம் எழுப்பினார்கள். பேச்சு சில நாட்களில் திரும்பியது. அது மருந்தால் அல்ல, அவருடைய நற்பேற்றால். வலுத்த தாக்குதலைக் குணப்படுத்துவது இயலாது, மெலிந்ததைக் குணப்படுத்துவதும் எளிதல்ல என்று ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல் வகுத்துவைத்த எல்லையை அதுவரை ஒருவரும் தாண்டியிருக்கவில்லை.

*

தாண்டாவிட்டாலும், அறிவு வளர்ந்துகொண்டுதான் இருந்தது. ஸ்விட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகரத்து மருத்துவர் யோஹான் யாகோப் வெப்ஃபர், இந்நோயால் இறந்தவர்களின் தலையைத் திறந்து பார்த்து, மூளைக்குள் இரத்தம் கசிந்திருப்பதை 1658இல் எழுதினார். 1664இல் தாமஸ் வில்லிஸ் மூளையின் அடித்தளத்தில் தமனிகள் ஒரு வளையமாக இணைந்திருப்பதை விளக்கினார். அந்நூலுக்குப் படங்கள் வரைந்தவர்களில் ஒருவர் செயிண்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கட்டடக்கலைஞர் கிறிஸ்டோஃபர் ரென். விழுந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்க மூளையில்தான் சேதம் இருக்கும் என்பதை 1761இல் மோர்கான்யி பிணப் பரிசோதனைகளின் வழியே நிலைநாட்டினார். பேச்சு மூளையின் எந்த இடத்தில் குடியிருக்கிறது என்பதை 1861இல் பாரிஸில் ப்ரோக்கா காட்டினார்.

இவை அனைத்தும் செத்தவர்களிடமிருந்து கற்ற பாடங்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. பிழைத்துக் கிடந்தவருக்கு அவற்றால் ஆனது ஒன்றுமில்லை.

1953 மார்ச் 1. மாஸ்கோவுக்கு வெளியே குன்ட்ஸெவோ மாளிகை. முந்தைய இரவு விருந்து விடியும்வரை நீண்டிருந்தது. பகல் முழுவதும் ஸ்டாலின் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அழைக்காமல் உள்ளே போகக்கூடாது என்பது விதி. காவலர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி மணிக்கணக்கில் காத்திருந்தனர். இரவு ஒருவர் துணிந்து உள்ளே போனபோது, உலகின் ஆறில் ஒரு பங்கை ஆண்டவர் தன் சிறுநீரில் நனைந்து, பேச்சற்றுத் தரையில் கிடந்தார். பெரியாவும் மாலென்கோவும் வந்து பார்த்தார்கள். அவர் உறங்குகிறார் என்று சொல்லித் திரும்பிப் போனார்கள் என்பது காவலர்களின் நினைவுக்கூற்று. மருத்துவர்கள் வந்துசேர்ந்தது மறுநாள் காலையில்தான். வலது கையும் காலும் விழுந்திருந்தன. அட்டை விட்டார்கள். மார்ச் 5 இரவு மரணம். அவரை வழக்கமாகப் பார்த்துவந்த மருத்துவர் வினோகிராதொவ் அப்போது சிறையில் இருந்தார். மருத்துவர்கள் சதி என்ற பொய்வழக்கு அந்த ஜனவரியில்தான் செய்தித்தாளில் அறிவிக்கப்பட்டிருந்தது.

வரலாற்று நூல்கள் இந்தத் தாமதத்தைப் பற்றிப் பக்கம்பக்கமாக எழுதுகின்றன. அச்சம் விளைவித்த தாமதம் என்ற வகையில் அது பெரிய நாடகம்தான், மறுக்கவில்லை. ஆயினும் மருத்துவம் என்ற கோணத்தில் பார்த்தால், முதல் மணிநேரத்திலேயே மருத்துவர்கள் வந்திருந்தாலும் 1953இல் அவர்கள் கையில் செய்வதற்கு ஏறத்தாழ ஒன்றுமே இருந்திருக்காது. நேரத்துக்கு அன்று விலை இல்லை.

*

நேரத்துக்கு விலை உண்டு என்ற எண்ணத்தின் முதல் வித்து, நாம் அறிந்தவரையில், மான்ட்ரியாலில் விழுந்தது. மில்லர் ஃபிஷர் கனடியர். இரண்டாம் உலகப்போரில் மூன்றரை ஆண்டுகள் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்து திரும்பியவர். நோயாளிகள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பதே அவருடைய கருவி. பக்கவாதம் வந்தவர்களில் சிலர், அதற்குச் சில நாட்களுக்கோ வாரங்களுக்கோ முன்பு ஒரு கண் சிறிது நேரம் இருண்டு தெளிந்ததாக, ஒரு கை வலுவிழந்து மீண்டதாகச் சொன்னார்கள். விசித்திரம் என்னவென்றால், இடது கைகால் விழுந்தவருக்கு இருண்டது வலது கண். வலது கண்ணுக்கும், இடது உடலை ஆளுகிற வலது மூளைக்கும் ஒரே கழுத்துத் தமனிதான் இரத்தம் கொண்டுசெல்கிறது என்பதை நினைவுகொண்டால் விசித்திரம் அகன்றுவிடும். அடைப்பு தலைக்குள் அல்ல, கழுத்தில் இருக்கக்கூடும் என்று ஃபிஷர் 1951இல் எழுதினார். அறுவை மருத்துவம் ஒருநாள் அதைச் சரிசெய்யும் என்றும் எதிர்பார்த்தார். மூன்றே ஆண்டுகளில், 1954இல், லண்டன் செயிண்ட் மேரி மருத்துவமனையிலிருந்து அப்படியொரு வெற்றிகரமான அறுவை பதிவானது.

வந்து போய்விடுகிற இந்தச் சிறு தாக்குதலே பக்கவாதத்தின் எச்சரிக்கைகளில் மிகத் தெளிவானது. மிக எளிதாகத் தள்ளிவிடப்படுவதும் அதுதான். பத்து நிமிடம் கை மரத்தது, பிறகு சரியாகிவிட்டது, தூங்கும்போது கை மடங்கியிருக்கும் என்று சொல்லிக்கொள்ளாத மனிதர் உண்டா? ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை அன்றே மருத்துவரிடம் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை 2007இல் ஆக்ஸ்ஃபோர்டின் ராத்வெல் குழு கணக்கிட்டது. காத்திருந்து பார்க்கப்பட்டவர்களில் 90 நாட்களுக்குள் மீண்டும் பக்கவாதம் வந்தவர்கள் 10.3 சதவீதம். உடனடியாகச் சிகிச்சை தொடங்கப்பட்டவர்களில் 2.1. இத்தனைக்கும் தரப்பட்டவை ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை போன்ற பழைய சரக்குகளே.

அடுத்த தடை வேறு வகையானது. பக்கவாதம் இரண்டு: இரத்தக்குழாய் அடைபட்டு வருவது ஒன்று, வெடித்துக் கசிவதால் வருவது மற்றொன்று. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலிருக்கும். மருந்தோ நேர் எதிர். கட்டியைக் கரைக்கிற ஊசியைக் கசிவு உள்ளவருக்குப் போட்டால் அது கொலை. உயிருள்ளவரின் மண்டையோட்டுக்குள் எது நடந்திருக்கிறது என்று கண்ணால் காண 1971 அக்டோபர் 1 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அன்று விம்பிள்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியைப் படமெடுத்தது. ஹவுன்ஸ்ஃபீல்டுக்குச் சம்பளம் கொடுத்தது இசைத்தட்டுகளுக்குப் பெயர்போன ஈ.எம்.ஐ. நிறுவனம் என்பது நம் பாட்டுப்பிரியர்களுக்காக ஒரு துணுக்கு.

1981இல் ஆஸ்ட்ரப்பும் கூட்டாளிகளும் மூளை அடைப்பைக் கிரகணத்தின் சொல்லால் விளக்கினார்கள். நடுவில் ஒரு கருநிழல்; அங்கே அணுக்கள் இறந்துவிட்டன. அதைச் சூழ்ந்து ஒரு புறநிழல்; அங்கே அவை செயலிழந்திருக்கின்றன, ஆனால் இன்னும் சாகவில்லை. இரத்தம் திரும்பினால் பிழைக்கும். திரும்பாவிட்டால் கருநிழல் பரவிக்கொண்டே போகும். ஒரு பெரிய குழாய் அடைபட்டால் ஒரு நிமிடத்தில் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டார். கைகால் விழுந்த மனிதரின் மூளையில் இன்னும் விழாத ஒரு பகுதி இருக்கிறது என்ற இந்த அறிவே பழைய சொல்லைக் காலாவதியாக்கியது.

1995 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு வெளிவந்தது. 624 நோயாளிகள், மூன்று மணிநேரத்துக்குள் கட்டி கரைக்கும் ஊசி. மூன்று மாதம் கழித்து ஊனம் இல்லாமலோ மிகக் குறைவாகவோ மீள்கிற வாய்ப்பு குறைந்தது 30 சதவீதம் கூடியிருந்தது. விலையும் இருந்தது: மூளையில் கசிவு ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதம், போடாதவர்களில் 0.6. மூன்று மணிநேரம் என்பது 2008இல் நாலரை ஆனது. 2015இல் ஐந்து ஆய்வுகள், தொடையின் தமனி வழியே கம்பியைச் செலுத்தி மூளையிலிருந்து கட்டியை இழுத்தெடுக்க முடியும் என்று நிறுவின. தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணிநேரம் வரையிலும்கூட அது பயன்படுகிறது என்பது 2018இல் தெளிவானது.

*

இந்தக் கருவிகளின் பளபளப்பில் கண்கூசி நாம் தவறவிட்டுவிடக்கூடிய ஒரு கதை நார்வேயில் இருக்கிறது. நம் பார்வையில் பக்கவாத மருத்துவ வரலாற்றின் மையக்கதை இதுவே.

ட்ரோன்ட்ஹைம் நகரத்தில் பெண்ட் இண்ட்ரெடாவிக் என்ற மருத்துவர் 220 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார். 110 பேர் பொது வார்டுக்கு. 110 பேர் பக்கவாதத்துக்கென்றே ஒதுக்கிய தனி வார்டுக்கு. கட்டி கரைக்கும் ஊசி அப்போது புழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. தனி வார்டில் இருந்தது ஒரு குழு மட்டுமே: இந்நோயை மட்டும் பார்த்துப் பழகிய செவிலியர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ், தினமும் தமக்குள் பேசிக்கொண்டு. 1991இல் முடிவு வெளியானது. ஆறு வாரத்தில் பொது வார்டில் இறந்தோர் 17.3 சதவீதம், தனி வார்டில் 7.3. வீடு திரும்பியவர்கள் பொது வார்டிலிருந்து 32.7 சதவீதம்; தனி வார்டிலிருந்து 56.4.

ஒரு கூடத்தை ஒதுக்கிக் கதவில் பலகை மாட்டியதால் இது நடந்துவிடவில்லை. பக்கவாதம் வந்தவர்களில் முதல் வாரத்தில் சாகிறவர்கள் பெரும்பாலும் மூளைச் சேதத்தால் சாகிறார்கள்; அதற்குப் பின் பலர் புரையேறிச் சாகிறார்கள். விழுங்கும் தசைகள் ஒரு பக்கம் செயலற்றிருக்க, அன்புமிக்க உறவினர் ஊட்டுகிற கஞ்சியும் காப்பியும் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வருகிறது. புரட்டிப் படுக்கவைக்காததால் புண் வருகிறது. காலில் இரத்தம் உறைந்து மேலேறுகிறது. காய்ச்சலும் சர்க்கரையும் ஏறிப் புறநிழலைக் கருநிழலாக்குகின்றன. தனி வார்டின் செவிலியர் ஒருவாய்த் தண்ணீர் கொடுக்கும் முன்பே விழுங்கிப் பார்க்கச் சொல்லிச் சோதிக்கிறார். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 மருத்துவமனைகளில் காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் ஆகிய மூன்றை மட்டும் செவிலியர்கள் ஒழுங்காகக் கவனிக்கும்படி செய்தார்கள். 2011இல் வந்த முடிவின்படி, 90 நாளில் மரணமோ பிறரை நம்பிவாழும் நிலையோ 58 சதவீதத்திலிருந்து 42ஆகக் குறைந்தது. இதற்கு நோபல் பரிசெல்லாம் கிடைப்பதில்லை.

ஆர்வம் மிகுந்தால் வார்டும் தவறும். விரைவில் எழுப்பி நடக்கவைப்பது நல்லது என்பதால், 24 மணிநேரத்துக்குள் எழுப்பித் தீவிரமாகப் பயிற்சி கொடுத்தால் இன்னும் நல்லது என்று கருதி நடத்திய பன்னாட்டு ஆய்வு, நன்றாகத் தேறுவோர் எண்ணிக்கை அதனால் குறைகிறது என்று 2015இல் கண்டது.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் ஆள்பலம் குடும்பத்தில்தான் இருக்கிறது. ஆகவே பயிற்சியை உறவினருக்குக் கற்றுக்கொடுத்து வீட்டிலேயே செய்யவைத்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது. நல்ல கேள்வி. 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளைக் கொண்டு சோதித்தார்கள். 2017இல் முடிவு: ஆறு மாதத்தில் இறந்தோரும் பிறரை நம்பிவாழ்வோரும் இரண்டு பிரிவிலும் ஒரே அளவு, 47 சதவீதம். மகளின் அக்கறையும் மனைவியின் உழைப்பும் பயிற்சி பெற்ற ஒரு குழுவுக்கு ஈடாகிவிடும் என்று எண்ணுவது நமது பண்பாட்டுக்கு இதமளிக்கிறது. எண்கள் அந்த இதத்தைத் தரவில்லை. வார்டுகளைக் கட்டத்தான் வேண்டும்.

*

வார்டு இருந்தாலும் அங்கே போய்ச் சேரவேண்டுமே. 1998இல் இங்கிலாந்தின் நியூகாசில் மருத்துவர்கள் ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்காக ஒரு சிறு சோதனையை வகுத்தனர். முகம், கை, பேச்சு, நேரம் ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘ஃபாஸ்ட்’, அதாவது விரைவு. சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா, இரு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒன்று தாழ்கிறதா, ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொன்னால் குழறுகிறதா. தமிழுக்கு இந்தச் சுருக்கெழுத்து தேவையே இல்லை என்பது நம் எண்ணம். வாய் கோணல், கை விழுதல், நாக்கு குழறல் மூன்றும் பாட்டிமார்களின் வாயில் என்றோ இருந்தவை. நான்காவதான நேரம் மட்டுமே நம் சொல்லில் இல்லாதது. திடீரென ஒரு கண்ணிலோ பார்வையின் ஒரு பாதியிலோ இருள் கவிவது, நிற்கமுடியாமல் தள்ளாடுவது, வாழ்நாளில் கண்டிராத தலைவலி சட்டென வெடிப்பது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பொது அடையாளம் ‘திடீர்’ என்பது. தலைவலியைத் தவிர மற்றவை வலிப்பதில்லை. வலிக்காததால்தான் விடியட்டும் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

அந்த இடைவேளையில் நம் வீடுகளில் நடப்பவை பலருக்கும் தெரிந்ததே. எண்ணெய் தேய்ப்பார்கள், சூடாகப் பால் ஊட்டுவார்கள், புறாவின் இரத்தத்தைத் தேடி ஒருவர் போவார். ஜான்சனின் தொண்டையில் எழுப்பிய கொப்புளத்தையும் ஸ்டாலினுக்கு விட்ட அட்டையையும் நினைத்துக்கொண்டால் இவற்றை ஏளனம் செய்ய மனம் வராது. எல்லாம் ஒரே கையறுநிலையின் கிளைகள். ஆயினும் அந்தக் கையறுநிலை 1995லேயே முடிந்துவிட்டது, புறாவுக்குப் போகிற நேரம் ஊசிக்கு உரிய நேரம். வாயில் எதையும் ஊட்டாமல் 108ஐ அழைப்பதும், சி.டி. ஸ்கேனும் அந்த ஊசியும் உள்ள மருத்துவமனை எது என்று கேட்டு நேராக அங்கே போவதும்தான் செய்யக்கூடியவை. பக்கத்துச் சிறு மருத்துவமனையில் ஒரு குளுக்கோஸ் பாட்டிலோடு கழிகிற இரண்டு மணிநேரம் திரும்பக் கிடைக்காது.

அங்கே போனதும் கேட்கப்படும் முதல் கேள்வி வலியைப் பற்றியதோ வயதைப் பற்றியதோ அல்ல. பெரும்பாலும் நோயாளியிடம் கேட்கப்படுவதும் அல்ல. இவரைக் கடைசியாக நல்லபடியாக எப்போது பார்த்தீர்கள் என்று கூட வந்தவரிடம் கேட்பார்கள். சாயங்காலம் என்றோ சாப்பாட்டுக்குப் பிறகு என்றோ சொன்னால் போதாது; கணக்கு நிமிடங்களில். உறக்கத்தில் அடி விழுந்தவருக்கு, விழித்த நேரத்தை அல்ல, படுக்கப்போன நேரத்தையே தொடக்கமாகக் கொள்வார்கள். அதனால் அவர்களில் பலர் ஊசிக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். எம்.ஆர்.ஐ. படத்தைக் கொண்டு அடைப்பின் வயதை மதிப்பிட்டு அவர்களிலும் சிலருக்கு ஊசி போடலாம் என்று ஐரோப்பிய ஆய்வு ஒன்று 2018இல் காட்டியது. அந்தப் படம் கிடைக்காத ஊரில், இரவு பத்தேகாலுக்குத் தண்ணீர் கேட்டபோது நன்றாகத்தான் பேசினார் என்று யாரோ ஒருவர் சொல்கிற சாட்சியமே இன்றும் ஆவணம்.